சீட்டு, செக்ரோல், சம்பளம்: வொர்க்ஃப்ளோ பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் பல வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். இப்போது இங்குள்ள கடைகளுக்கும் லோரிக்காரர்களுக்கும் அலுவலக வேலையை மென்பொருளில் ஓடும்படி அமைத்துக் கொடுக்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

அண்ணே, வொர்க்ஃப்ளோ என்றால் என்ன? என்னுடையது சின்ன டயர்க் கடை. எனக்கு இது வேண்டுமா?

தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பிரட்டு ஞாபகம் இருக்கிறதா தம்பி? விடியும் முன்பே மேற்பார்க்கும் தண்டல் பேர் போடுவார், கிராணி அதைச் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில் ஏற்றுவார், தோட்ட நிர்வாகியான துரை கையெழுத்துப் போட்ட பிறகுதான் சம்பளம். யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புக்கொள்வது என்ற அந்த வரிசைதான் வொர்க்ஃப்ளோ. ஒருவர் முடித்ததை அடுத்தவரிடம் தானாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மென்பொருளின் வேலை. கடையில் நீங்களும் உங்கள் தம்பியும் மட்டும் என்றால் நோட்டுப் புத்தகம் போதும். மூன்றாவது ஆள் வந்து, "அந்த பில் யாரிடம் இருக்கு?" என்று தேட ஆரம்பித்தால் அப்போது பார்க்கலாம்.

ஐயா, சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைப் பழம் வாங்கி ஆலைக்கு அனுப்புகிறோம். தினம் முப்பது நாற்பது எடைச் சீட்டு சேர்கிறது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

எடைச் சீட்டிலிருந்துதான். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் லோரி நிற்காமல் ஓடுகிறது, சீட்டு மட்டும் ஓட்டுநரின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடக்கிறது. சாயங்காலம் அதைக் கையில் எடுத்தால் எழுத்து மங்கி, ஓரத்தில் எண்ணெய்க் கறையோடு, 6-ஆ 8-ஆ என்று விளக்கடியில் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே தராசை விட்டு இறங்கும் முன்பே பதிவு முடிய வேண்டும். கைப்பேசியில் நிரப்பும் படிவமாக ஒரு கூகள் ஃபார்ம் வைத்துச் சீட்டு எண், தோட்டக்காரர் பெயர், லோரி எண், பழத்தோடு எடை, வெறும் லோரி எடை, சீட்டின் படம் ஆகியவற்றை வாங்குங்கள். படம் ஏற்றுவதற்கு ஓட்டுநர் கூகள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், அதை முதல் நாளே செய்து வையுங்கள். நிரப்பியவை வந்து விழும் கூகள் ஷீட் என்ற கணக்குத் தாளே நிகர எடையைக் கணக்கிடட்டும், ஓட்டுநரைக் கழிக்கச் சொல்லாதீர்கள்.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. முதன்முதலில் ஒரு வியாபாரிக்கு இப்படி அமைத்தபோது, லைன் சரியாகக் கிடைக்காத இடத்தில் ஓட்டுநர் அனுப்பும் பொத்தானை இரண்டு தரம் அழுத்திவிட்டார். ஒரே பழத்துக்கு இரண்டு வரி விழுந்தது, பணமும் இரண்டு முறை போய்விட்டது. கொடுத்த பணத்தை ஒரு தோட்டக்காரரிடம் திரும்பக் கேட்பது எவ்வளவு சங்கடம்! அன்றிலிருந்து சீட்டு எண்ணைத்தான் பிடியாக வைக்கிறேன். அந்த எண் ஏற்கெனவே இருந்தால், புதிய வரி பணத்துக்குப் போகாமல் தனிப் பக்கத்தில் காத்திருக்கும். வழக்கத்தைவிட எடை மிக அதிகமாக வந்தாலும் அப்படியே. அங்கே ஒரு மனிதர் படத்தைப் பார்த்து "சரி" என்று சொன்னால்தான் நகர வேண்டும். துரையின் கையெழுத்து இருந்த இடம் இது, இதை எடுத்துவிடாதீர்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

முதலில் கூகள் ஃபார்ம், ஷீட், கூடவே அவற்றைத் தானாக இயக்கும் சிறு நிரல்களுக்கான ஆப்ஸ் ஸ்கிரிப்ட். காசு கிடையாது. ஆனால் நிரலின் ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் நின்றுவிடும். ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365-க்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் அவர்களின் வொர்க்ஃப்ளோ கருவியான பவர் ஆட்டோமேட் பாருங்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் என்8என் (n8n) என்ற வொர்க்ஃப்ளோ மென்பொருளைச் சொந்தமாகவே ஓட்டலாம்.

அண்ணே, ஷீட்டில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தொழிலாளிக்கு 11, முதலாளிக்கு 13 விழுக்காடு போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறேன். கட்டும் தொகையோடு ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது.

ஒத்துப்போகாது அக்கா. இபிஎஃப் அட்டவணைப்படி கட்ட வேண்டும், நேரடி விழுக்காடு அல்ல. சம்பளம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் 20 வெள்ளிக்கு ஒரு படி. சம்பளம் 1,690 வெள்ளி என்றால் அது 1,700 வரையுள்ள படியில் விழும்: முதலாளி 221, தொழிலாளி 187. நீங்கள் 13 விழுக்காடு போட்டால் 219.70 வரும். அட்டவணையைத் தனித் தாளில் ஏற்றி, அதிலிருந்து தொகையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இரு தரப்பும் 2 விழுக்காடு, அவர்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதனால் 8-ஆம் தேதியே உங்களுக்கு நினைவூட்டல் வரும்படி செய்யுங்கள்.

வரி வாரியத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும் பில்லான இ-இன்வாய்ஸ் முழுவதையும் தானாக அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம். ஆனால் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் ஏற்றுக்கொண்ட பின் ரத்து செய்ய 72 மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை மாலை தவறான தொகை போனால், திங்கள் மாலைக்குள் நீங்களே கண்டுபிடித்தாக வேண்டும். ஆகவே அனுப்பும் முன் ஒருவர் பார்த்து விடுவிக்கும் படி ஒன்றை வையுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் தானாகச் செய்தி அனுப்ப ஒரு செயலி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அங்கீகாரம் இல்லாத செயலிகளால் உங்கள் கடை எண்ணே முடக்கப்படலாம். வாட்ஸ்ஆப் பிசினஸின் முறையான வழி இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு.

அண்ணா, நான் ஒரு லோரி கம்பெனியில் கிராணி. முதலாளி இதையெல்லாம் கொண்டு வரப் போகிறார். என் வேலை போய்விடுமா?

பயம் நியாயமானதுதான் தங்கச்சி. எண்களைத் திரும்பத் திரும்பத் தட்டும் வேலை குறையும், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எந்த ஓட்டுநர் சீட்டைத் தாமதமாகக் கொடுப்பார், எந்த வாடிக்கையாளருக்கு 60 நாள் கடன், எந்த பில்லில் முதலாளி வாய்வார்த்தையாகத் தள்ளுபடி சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அமைக்க வரும் ஆளுக்கு அது ஒன்றும் தெரியாது. இந்த வாரமே ஒரு நோட்டில் அவற்றை எழுதி முதலாளியிடம் காட்டுங்கள். சந்தேகமான வரிகளைப் பார்த்து விடுவிக்கும் பொறுப்பை உங்களுக்கே தரும்படி கேளுங்கள். அந்த நோட்டை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.