ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். புது மேனேஜர் வந்ததிலிருந்து நிம்மதி போய்விட்டது. வாடிக்கையாளர் முன்னாலேயே, “மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கு” என்கிறார். போன மாதம் ஆண் ஊழியர்கள் நடுவே என் உடம்பைப் பற்றி ஆபாசமாகப் பேசினார். நாள் முழுதும் உட்கார விடுவதில்லை. சரக்குக் குறைகிறது என்று சம்பளத்தில் 2,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். ராஜினாமா எழுதித் தந்தால்தான் என் பத்தாம் வகுப்பு அசல் சான்றிதழைத் தருவாராம். இரவில் தூக்கமே வருவதில்லை. எழுதிக் கொடுத்துவிடட்டுமா?
– பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஒரு தாளை வாங்குவதற்காகத்தான் உங்களுக்கு இத்தனை வசையும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவு உங்களுக்குக் காவலாக நிற்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தியாக வேண்டும். நீக்கினால் 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று நீங்களே எழுதிவிட்டால் இதெல்லாம் கைநழுவிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் விழும். மீறிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அன்றைக்கே அதைத் திரும்பப் பெறுவதாக முதலாளிக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, நகலைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுங்கள்.

வேலையிடத்தில் ஒருவரைத் திட்டித் திட்டியே நொறுக்குவதைத் தடுப்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. இது பெரிய குறை. நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்தபின் டெல்டா கிராமங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் பஸ் ஏறிக் கடைத்தெருவுக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் வாங்கும் ஏச்சு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஆனால் உடம்பைப் பற்றிய அந்தப் பேச்சு வேறு. வேலையிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும்; அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். கடையில் குழுவே இல்லையென்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் புகாரைக் கொடுங்கள். காவல் நிலையத்துக்கும் போகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும்.

உட்காரும் வசதி உங்கள் உரிமை. 2021-இல் தமிழக அரசு இதே கடைகள் சட்டத்தைத் திருத்தி அதைக் கட்டாயமாக்கியது. சம்பளப் பிடித்தமும் செல்லாது: உங்கள் பொறுப்பில் விட்ட சரக்கு உங்கள் கவனக்குறைவால்தான் குறைந்தது என்று காட்டி, விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம். சான்றிதழைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. திருப்பித் தரும்படி சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள்.

இன்று முதல் ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் என்று எழுதி வையுங்கள். வார்த்தையை மழுப்பாமல் அப்படியே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவர் உங்களிடம் பேசுவதை உங்கள் செல்போனில் பதிவு செய்திருந்தால், அந்த செல்போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

தூக்கமின்மையைச் சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே தரும் சீட்டு நாளை சாட்சியாகவும் உதவும்; ஆனாலும் உங்கள் உடம்புக்காகப் போங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். கூட வேலை செய்யும் பெண்களில் இன்னும் யாருக்கு இது நடக்கிறது என்று விசாரியுங்கள். இரண்டு பேர் சேர்ந்து கொடுக்கும் புகாரை முதலாளி எளிதில் ஒதுக்க முடியாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழையுங்கள், அல்லது கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள். சம்பள ரசீது, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அந்த நோட்டு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.