லண்டனில் லஸ்கர்களும் ஆயாக்களும்

கேள்வி: வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் காந்தி, தாதாபாய் நௌரோஜி போன்ற படித்தவர்கள்தாமே இங்கிலாந்தில் வாழ்ந்தார்கள்? கூலி வேலைக்கு இந்தியர்கள் அங்கே போனது விடுதலைக்குப் பிறகுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. காந்தி சட்டம் படிக்க 1888இல் லண்டனில் இறங்கியபோது, அந்நகரின் கிழக்கே கப்பல்துறைச் சந்துகளில் இந்தியத் தொழிலாளிகள் நடமாடத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள் என்பதால், படித்தவர்கள் எழுதிவைத்ததையே நாம் வரலாறாகப் படிக்கிறோம்.

நம் பொதுப்பணித் துறையில் மதகு திறக்கும் ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர் உண்டல்லவா? அன்று அச்சொல் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகளைக் குறித்தது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் கொதிகலன் அறையின் வெக்கையில் கரி அள்ளிப் போட்டவர்களில் இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் வட்டாரத்தார் ஏராளம். முதல் உலகப் போர் மூண்ட 1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மாலுமிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் லஸ்கர். ஆனால் அவருடைய சம்பளமோ வெள்ளை மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் ஐந்தில் ஒரு பங்கு. திரும்பும் கப்பல் கிடைக்காமல் தெருவில் கிடந்தவர்களுக்காக 1857இல் கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அவர்களைத் தங்கவைப்பதைப் போலவே, அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவதும் அதன் நோக்கமாக இருந்தது.

பெண்களும் போனார்கள். துரைமார் குடும்பத்துப் பிள்ளைகளைக் கடற்பயணம் முழுவதும் மடியில் வைத்துக் காத்த ஆயாக்களில் சிலர், கரை சேர்ந்ததும் திரும்பும் செலவுக்குப் பணமின்றிக் கைவிடப்பட்டனர். 1900 முதல் கிழக்கு லண்டனின் ஹாக்னியில் இயங்கிய ஆயாக்கள் இல்லத்தில், இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் தங்களை வேலைக்கு அழைக்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள்.

‘பேரரசின் பிரஜைகள்’ என்ற பட்டம் இவர்களுக்கு எந்த அளவுக்கு உதவியது என்பதைச் சட்டமே சொல்கிறது. லஸ்கர்களைப் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதலாகாது என்று 1823ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவர்கள் பிறந்த மண் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தாலும் அதுவே விதி. 1925இல் வந்த ஆணையோ, கையில் சான்றுப் பத்திரம் இல்லாத கறுப்பு, மாநிற மாலுமிகள் அந்நியர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பிறப்புச் சான்றிதழ் என்ற வழக்கமே அரிதாக இருந்த கிராமங்களிலிருந்து போனவர்களிடம் கேட்ட சான்று அது! கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் பிரிட்டிஷ் பிரஜைகளான இந்தியர்களையும் போலீசார் அந்நியர் பட்டியலில் ஏற்றினார்கள். கப்பல் முதலாளிக்கு மலிவான ஆள் தேவைப்பட்டபோது அவர்கள் பேரரசின் பிள்ளைகள். கரையில் குடியேற முயன்றால் வெளியாட்கள்.

நீங்கள் குறிப்பிட்ட விடுதலைக்குப் பிந்தைய குடியேற்றத்திலும் இவர்களுடைய பங்கு உண்டு. கப்பலைவிட்டு இறங்கிக் கிழக்கு லண்டனில் தங்கிவிட்ட சில்ஹெட் மாலுமிகளின் அறைகளில்தான், பின்னால் வந்த ஊர்க்காரர்கள் பலர் முதல் இரவைக் கழித்தார்கள். ஹாக்னியின் ஆயாக்கள் இல்லத்துச் சுவரில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டதோ 2022இல்தான்.