பழைய வில்லின் வரிசை எண்ணை வைத்து அது செய்யப்பட்ட ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா?

சில விற்களுக்கு முடியும், பெரும்பாலானவற்றுக்கு முடியாது. நீங்கள் வாங்கியிருப்பது பேர் ஆர்ச்சரி (Bear Archery) என்னும் அமெரிக்க வில் நிறுவனத்தின் ‘கோடியாக் ஹன்டர்’ என்னும் ரீகர்வ் வில், அதாவது நுனிகள் முன்னோக்கி வளைந்த வில். அதன் வரிசை எண் ‘கே.இசட்.’ என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது என்றும், கைப்பிடியில் வெள்ளி நிறக் காசு ஒன்று மரத்தோடு மட்டமாகப் பதிந்திருக்கிறது என்றும், ‘கனடா 1953’ என்று எழுதியிருப்பதைக் காட்டி விற்றவர் அதை 1953ஆம் ஆண்டு வில் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நிச்சயமாக 1953ஆம் ஆண்டு வில் அன்று.

‘கனடா 1953’ என்ற அந்த வரி காப்புரிமையைப் பற்றியது. கண்ணாடியிழை சேர்த்து வில் செய்யும் முறைக்கு அந்நிறுவனம் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் எண்ணையும் கனடாக் காப்புரிமையின் ஆண்டையும் சேர்த்து ஒரே வரியாக எழுதினார்கள். 1960களில் செய்த விற்களிலும் அதே வரி தொடர்ந்தது. ஏலத் தளங்களில் ‘1953 மாடல்’ என்று விலையேற்றி விற்கப்படும் பேர் விற்களில் பல இந்த வரியைத் தவறாகப் படித்ததால் வந்தவையே. எல்லா விற்பனையாளர்களும் அறியாமல்தான் அப்படிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி எண்ணுக்கு வருகிறேன். பேர் விற்களில் 1965 முதல் 1969 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தைக் குறிக்கும். என்னிடம் உள்ள 52 அங்குல ‘கோடியாக் மேக்னம்’ வில்லைச் சாளரத்தருகே சாய்த்துப் பிடித்தால், லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) தொடங்கும் இடத்தில் வார்னிஷுக்கு அடியில் கையெழுத்துப் போல மெலிதாக எழுதிய வரி தெரியும்: நீளம், இழுவிசை, பிறகு 7 என்று தொடங்கும் வரிசை எண். ஆகவே அது 1967ஆம் ஆண்டு வில். ஆனாலும் இந்த இலக்கத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. மற்ற ஆண்டுகளின் எண்களும் இலக்கத்தோடு தொடங்கலாம் என்பதால், வில்லின் பிற அடையாளங்கள் அந்த ஐந்தாண்டுக் காலத்தோடு பொருந்தினால்தான் விதி செல்லும். உங்களுடையதைப் போல எழுத்துகளோடு தொடங்கும் எண்ணிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுக்க வழியில்லை.

உண்மையில் பேர் விற்களைப் பொறுத்தவரை எண்ணைவிடக் காசுதான் அதிகம் பேசும். கரடி உருவம் பொறித்த காசைக் கைப்பிடியில் பதிக்கும் வழக்கம் 1959இல் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் செம்பு, அலுமினியம் என்று உலோகம் மாறிக்கொண்டே இருந்தது. 1963 முதல் 1970 வரை பித்தளை நிலைத்தது. 1971, 1972 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெள்ளி போல மின்னும் நிக்கல் கலவை வந்தது. இவையெல்லாம் மரத்தோடு மட்டமாக இருக்கும். 1973 முதல் காசு மேலே புடைத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே அந்த வேறுபாடு தெரிந்துவிடும். உங்கள் காசு வெள்ளி நிறத்தில், மட்டமாக இருக்கிறது என்பதால் அது தொடக்க கால அலுமினியமாகவோ பிந்தைய நிக்கலாகவோ இருக்க வேண்டும். இங்கே மாடல் பெயர் கைகொடுக்கிறது. ‘கோடியாக் ஹன்டர்’ 1960களின் பிற்பாதியில்தான் சந்தைக்கு வந்தது. ஆகையால் அலுமினியம் அடிபட்டுப்போகிறது, 1971 அல்லது 1972 என்பதே மிஞ்சுகிறது. அந்த இரண்டில் எது என்பதை அவ்வாண்டுகளின் விற்பனைக் கையேடுகளில் உள்ள கைப்பிடி மரத்தையும் லிம்பின் கண்ணாடியிழை நிறத்தையும் உங்கள் வில்லோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பழைய மாடல்களின் பெயரிலேயே பின்னாளில் மறுபதிப்பு விற்கள் வந்திருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் 1959 கோடியாக்கின் மறுபதிப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வில்லில் பொறித்த ஊர்ப் பெயரும் உதவும்: நிறுவனர் ஃபிரெட் பேரின் தொழிற்சாலை 1947 முதல் மிச்சிகனின் கிரேலிங்கில் இருந்து, 1978இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்கு இடம்பெயர்ந்தது, ஆகவே கெய்ன்ஸ்வில் என்று பொறித்த வில் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. மற்ற நிறுவனங்களின் விற்களுக்கும் இதே வழியில்தான் ஆண்டு தேட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவின் டேமன் ஹோவாட் நிறுவனத்தை மார்ட்டின் என்னும் வில் நிறுவனம் 1976இல் வாங்கியது என்று தெரிந்தால், மார்ட்டின் பெயரும் சேர்ந்திருக்கும் ஹோவாட் வில் அந்த விற்பனைக்குப் பிந்தையது என்று உடனே சொல்லிவிடலாம்.

ஒரு வேண்டுகோள்: எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று அந்த இடத்தை அசிட்டோனால் துடைக்காதீர்கள், உப்புத்தாளாலும் தேய்க்காதீர்கள். வரி அழிந்தால் திரும்ப வராது. பளபளவென்று புது வார்னிஷ் பூசி எழுத்து அழிந்துபோன வில்லுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையும் குறைவு. வில்லை எய்யப்போகிறீர்கள் என்றால், அந்தக் காலத்து விற்களின் நுனிகள் இப்போதைய நீளாத நாண்களுக்காகச் செய்யப்படவில்லை என்பதால், சற்று நீளும் டாக்ரான் (பாலியஸ்டர் இழை) நாணையே பூட்டுங்கள்.