அந்த நோட்டு ஏன் உங்கள் இழுப்பறையில் இருக்கிறது?

கேள்வி: வழக்கமான பள்ளிகளில் ஒட்ட முடியாமல் வந்த பிள்ளைகளுக்கான மாற்றுப் பள்ளியின் முதல்வர் நான். மாணவர்களே நடத்தும் வாரக் கூட்டத்தைத் தொடங்கினேன். தீர்மானங்கள் எழுதிய நோட்டைக்கூட என் மேசை இழுப்பறையில் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனாலும் பெரிய பிள்ளைகள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நாம் ஒரே குடும்பம் என்று எவ்வளவோ சொல்லியும் என்னிடம் நெருங்குவதில்லை. உறவை வளர்க்க என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?

பதில்: எந்த நிகழ்ச்சியும் வேண்டாம், அம்மா. முதலில் இழுப்பறையைத் திறங்கள்.

தீர்மானம் எழுதியவர்கள் பிள்ளைகள். சாவி உங்களிடம். யாரிடமிருந்து அந்த நோட்டைக் காப்பாற்றுகிறீர்கள்? எந்தத் தீர்மானம் நிறைவேறியது, எதை நீங்கள் மறுத்தீர்கள், ஏன் மறுத்தீர்கள்? உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேறு பள்ளிகளில் ஒதுக்கப்பட்டு வந்த பிள்ளைகள், பெரியவர்களின் பேச்சும் செயலும் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பெரிய பிள்ளைகளும் பார்த்தார்கள், நின்றுவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை.

கல்வியாளர் ஏ.எஸ். நீல் 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த சம்மர்ஹில் பள்ளியின் கூட்டத்தில் சிறுவனுக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். 1999இல் அரசு ஆய்வாளர்கள் குறை கண்டதால் பள்ளியே மூடப்படும் நிலை வந்து, வழக்கானது. 2000இல் அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தபோது, அதை ஏற்பதா என்று மாணவர்கள் நீதிமன்ற அறையிலேயே பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி முடிவெடுத்தார்கள். அவ்வளவு பெரிய முடிவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். உங்களால் ஒரு நோட்டைக் கொடுக்க முடியவில்லை!

எல்லாவற்றையும் வாக்கெடுப்புக்கு விடச் சொல்லவில்லை. பாதுகாப்பும் சட்டமும் உங்கள் பொறுப்பு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குடும்பம் என்று சொன்னீர்கள். குடும்பத்தில் மூத்தவருக்கு அதிகாரத்தைவிடக் கடமையே அதிகம் என்று நம்புகிறவள் நான். கொடுத்த வாக்குக்குப் பதில் சொல்வது அதில் முதல் கடமை. அதைச் செய்யாமல் பிள்ளைகளிடம் பாசத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

அடுத்த கூட்டத்தில் நோட்டை அவர்களிடமே கொடுத்து, பழைய தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். நிறைவேறாத ஒவ்வொன்றுக்கும் எல்லார் முன்னிலையிலும் காரணம் சொல்லுங்கள். வராமல் நின்றவர்களை உங்கள் அறைக்கு அழைக்காதீர்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள். எந்தத் தீர்மானம் கிடப்பில் போனதால் வெறுத்துப்போனார்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், நியாயம் கற்பிக்காதீர்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் போங்கள்.