வணிக வழக்குகள் நடத்தும் வக்கீலாக வேலை செய்வது எப்படி இருக்கும்? வீட்டில் வக்கீல் யாரும் இல்லாதவர் நம்பி வரலாமா?

சட்டம் நான்காம் வருடம் படிப்பதாகவும், கம்பெனி வேலைக்குப் போவதா, வணிக வழக்குகள் நடத்தும் சீனியரிடம் ஜூனியராகச் சேர்வதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் எனக்கு முன்னால் யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை.

வரலாம். ஆனால் பேச்சுத் திறமையை மட்டும் நம்பி வராதீர்கள். நீதிபதி முன்னால் நாம் பேசுவது பத்து நிமிடம் இருக்கும். அதற்கு முன் இன்வாய்ஸ், டெலிவரி சலான், லெட்ஜர், பர்ச்சேஸ் ஆர்டர், இரண்டு முதலாளிகளும் ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் என்று ஒரு மூட்டை வந்து மேஜையில் இறங்கும். அதைத் தேதி வாரியாக அடுக்கி, எந்தச் சரக்கு என்றைக்குப் போனது, எதற்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது அந்த இடம்தான்.

நம் ஊர் வியாபாரிகள் கடனைச் சட்டக் கண்ணோடு பார்ப்பதில்லை. "பழகின ஆளு சார், பேசிக்கலாம்னு விட்டுட்டேன்" என்பார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் விற்ற சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் எதிராளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் ஏதாவது கொடுத்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். அதனால் 'இவ்வளவு பாக்கி உண்மைதான்' என்று எதிராளி கையெழுத்துப் போட்ட ஒரு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதத்துக்காகப் பழைய ஃபைல்களை இரண்டு நாள் புரட்டியிருக்கிறேன். கிடைத்தபோது எங்கள் கட்சிக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாள் கணக்குதான் இந்தத் தொழிலின் உயிர். 2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கு மட்டும், 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்று லட்சத்திலிருந்தே, அதாவது சின்னப் பட்டறைக்காரரும் இதற்குள் வந்துவிட்டார். சம்மன் கைக்கு வந்த 30 நாளில் பிரதிவாதி தன் எதிருரையை, அதாவது எழுத்துப்பூர்வமான பதிலைப், போட வேண்டும், காரணம் சொல்லி அவகாசம் வாங்கினாலும் 120 நாள்தான். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீதிபதியால் தர முடியாது. சாதாரண சிவில் வழக்கில் இருக்கும் தாராளம் இங்கே இல்லை.

ரப்பர் பாகங்கள் செய்யும் ஒருவர் சம்மனோடு எங்கள் சேம்பருக்கு வந்தது 131-வது நாள். அவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் அதை வேறு ஃபைலில் வைத்துவிட்டார். பதினெட்டு லட்சத்துக்கு வழக்கு, பாதிச் சரக்கு தரமில்லை என்று இவர் திருப்பி அனுப்பியதற்கு எதிராளியின் சீல் போட்ட டெபிட் நோட், அதாவது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளும் சீட்டு, கையில் இருக்கிறது. அதை என் முன்னால் வைத்து, "இது போதும்தானே சார்?" என்றார். 120 நாள் தாண்டிவிட்டதால் எதிருரை போட வழியில்லை. வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து எங்களால் முடிந்ததைச் செய்தோம், ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அவருடைய கணக்கரை அழைத்துப் பேசிவிடுவேன்: கோர்ட்டிலிருந்து எது வந்தாலும் அன்றைக்கே போன் பண்ணுங்கள், கவரையும் தூக்கிப் போடாதீர்கள்.

அவசரத் தடை உத்தரவு தேவைப்படாத வழக்கென்றால் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும், இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எதிராளியோடு உட்கார்ந்து பேசவும் தெரிய வேண்டும். தீர்ப்பு வாங்கினால் பணம் தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக நிறைவேற்று மனு போட்டு, எதிராளியின் சொத்து எங்கே, வங்கிக் கணக்கு எங்கே என்று தேட வேண்டும்.

சரி, சம்பளம். முதல் மூன்று வருடம் கஷ்டம், மறைக்க மாட்டேன். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. எல்லாச் சேம்பரிலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், சேரும்போதே வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. கம்பெனி வேலையில் முதல் மாதமே கை நிறைய வரும் என்பது உண்மைதான், வீட்டில் கடன் இருந்தால் அதையே எடுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

இப்போதே செய்யக்கூடியது: டேலி என்ற கணக்கு மென்பொருளில் லெட்ஜர் படிக்கப் பழகுங்கள். வழக்குப் போடும் கெடுவைச் சொல்லும் காலவரையறைச் சட்டத்தை வரி விடாமல் படியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைச் சாட்சியமாகப் போட, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள், அதன் படிவத்தை ஒருமுறை நீங்களே நிரப்பிப் பாருங்கள். விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போனால் சீனியர் பின்னாலேயே சுற்றாமல் ஒரு வாரம் குமாஸ்தாவோடு ஃபைலிங் கவுன்டருக்குப் போங்கள், தாக்கல் செய்த வழக்குக் கட்டு எதற்காகத் திரும்பி வருகிறது என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.