அப்பத்தா வீட்டில் இருக்கும் பையன்

வணக்கம். மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு விவாகரத்து ஆனது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்ததால், பையன் அப்பாவிடம் இருக்கட்டும் என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டேன். போன மாதம் அவர் கடலில் தவறிவிட்டார். தொண்டிப் பக்கம் ஊர். ‘தீர்ப்பு எங்க பக்கம்’ என்று மாமியார் பையனைத் தர மறுக்கிறார். போலீஸை வைத்துக் கூட்டிவரலாமா? விபத்துப் பணம் யாருக்கு?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

அன்புள்ள தங்கைக்கு,

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் மாமியார். பையன் எத்தனாவது படிக்கிறான், அப்பா போன பிறகு சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, ஒரு வரி இல்லை. நீதிபதி கேட்கப்போவது அதைத்தான்.

அந்தத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் நடுவில் போட்டது. வீடு வாசல் மாதிரி அது அவர் அம்மாவுக்கு இறங்காது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அப்பாவுக்குப் பிறகு நீங்கள்தான் இயற்கைக் காப்பாளர். ஆனால் அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு பிள்ளையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. பெற்றவள் என்பது மட்டும் போதாது.

போலீஸ் வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் நின்று தூக்கிவருவது அதைவிட மோசம். 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் மனுப் போடுங்கள். பையன் வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய கோர்ட்டில்தான் போடவேண்டும். திருப்பூரில் போட்டால் எல்லைக் கேள்வியிலேயே மாதங்கள் போய்விடும். விவாகரத்துத் தீர்ப்பின் சான்று நகல், இறப்புச் சான்று, பையனின் பிறப்புச் சான்று, உங்கள் சம்பளச் சீட்டு, அவனைச் சேர்க்கப்போகும் பள்ளியின் விவரம் வையுங்கள். வருஷ நடுவில் டி.சி. கேட்காதீர்கள். முழுப் பரீட்சை முடியட்டும்; அதுவரை பார்க்கவும் பேசவும் அதே 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு வாங்கலாம்.

பணம்: விவாகரத்தான மனைவி வாரிசு இல்லை. பையனும் அவன் அப்பத்தாவும் வாரிசுகள். காப்பீடு வந்தால் அதில் பையன் பங்கு 18 வயது வரை வங்கி வைப்பில் கிடக்கட்டும், நான் எடுக்கக் கேட்கமாட்டேன் என்று மனுவிலேயே எழுதுங்கள். இதற்கு மேல் பணத்தைப் பற்றி இப்போது பேசவேண்டாம்.

பேசவேண்டியது அப்பத்தாவைப் பற்றி. மூன்று வருஷம் சோறு போட்டவர், இப்போது மகனைப் பறிகொடுத்தவர். அந்த வீட்டிலிருந்து பையனை ஒரேயடியாக அறுத்தால் ஒரே மாதத்தில் அவனுக்கு இரண்டாவது சாவு. ‘அவ்வப்போது வந்து பார்க்கலாம்’ என்று மனுவில் எழுதவே எழுதாதீர்கள். வழக்குகள் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு வருவது அந்த ஒரு வார்த்தையால்தான். மாதம் ஒருமுறை, இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஞாயிறு மாலை நான்கு வரை. யார் கொண்டுபோய் விடுவது, பஸ் செலவு யாருடையது, பஸ் தவறினால் எந்த நம்பருக்குச் சொல்வது, எல்லாம் எழுத்தில் வேண்டும். ராத்திரிப் பயணம், மாதம் இருமுறை என்றால் குழந்தை உடம்பு தாங்காது. புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு வீடியோ கால், நீங்கள் பக்கத்தில் உட்காராமல். மே மாதம் அங்கே இருக்கட்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், சித்தப்பாமார் கரையில் இருப்பார்கள். அப்பா திதிக்குத் தேவிபட்டினத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவன் அவன். அந்த நாளையும் தனியாக எழுதுங்கள். நீதிபதி அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ‘அம்மாகிட்ட போனா அப்பத்தாவைப் பாக்க முடியாதா?’ என்று அவன் அங்கே அழுதால் உங்கள் காகிதம் எதுவும் நிற்காது.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், வக்கீல் இலவசம். கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஒருதடவை அந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வாருங்கள். பையனைக் கேட்காதீர்கள். ஊர்க்கூட்டத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.