கால்சட்டைப் பையில் ஒரு சிறு ரிவால்வர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். சென்ற ஆண்டு குடியுரிமை கிடைத்ததும் முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வலது இடுப்பில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றை அணியத் தொடங்கினேன். இரவில் கடையைப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலோடு வண்டி நிற்கும் இடம் வரை தனியாக நடக்கவேண்டிய வேலை என்னுடையது. அண்மையில் நண்பர் ஒருவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஐந்து தோட்டா மினி ரிவால்வர் ஒன்றைக் காட்டினார். சாவிக்கொத்து அளவுக்குத்தான் கனம். “பெரிய துப்பாக்கி கைவிட்டாலும் இது இருக்கிறது என்ற தைரியம் வரும்” என்றார். நானும் ஒன்று வாங்கி வலது கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். மனைவியோ, ஒன்றே அதிகம், இன்னொன்று எதற்கு என்கிறார். வீட்டில் ஆறு வயது மகள் இருக்கிறாள். உங்கள் கருத்து என்ன?

ர.

அன்புள்ள ர.,

கேள்வி ஒன்றுதான் என்றாலும் அதற்குள் உங்கள் மனைவியின் தயக்கமும் மகளின் வயதும் இருப்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கையால், அதுவும் இடக்கையால், எடுத்துச் சுட முடியாத எந்தத் துப்பாக்கியையும் இரண்டாவது துப்பாக்கியாக நான் ஏற்கமாட்டேன். மினி ரிவால்வர் பெரும்பாலானவர்களின் கையில் இந்தச் சோதனையைத் தாண்டுவதில்லை.

இரண்டாவது துப்பாக்கி என்ற எண்ணம் பழையது. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1857இல் வெளியிட்ட முதல் மாடல், .22 ஷார்ட் (ஏறத்தாழ 0.22 அங்குல விட்டமுள்ள சிறு தோட்டா) ஏழு கொள்ளும் சின்னஞ்சிறு ரிவால்வர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பல சிப்பாய்கள் சொந்தக் காசில் அதை வாங்கி உடன் வைத்திருந்தார்கள். பின்னாளில், காலியான ரிவால்வரில் தோட்டா நிரப்பிக்கொண்டிருப்பதைவிட இன்னொன்றை உருவுவது விரைவு என்ற வழக்கத்துக்கு ‘நியூயார்க் ரீலோட்’ என்றே பெயர் நிலைத்தது. ஆனால் இரண்டாவது துப்பாக்கி எந்த நிலையில் கைக்கு வருகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டை. எட்டு எஃப்.பி.ஐ. முகவர்கள் இரண்டு கொள்ளையரை மடக்கிய அன்று முகவர்களில் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். வண்டிகள் மோதிக்கொண்டபோது ஜான் ஹேன்லன் என்ற முகவரின் .357 மேக்னம் ரிவால்வர் கைநழுவிப் போனது. தன்னிடமிருந்த ஐந்து தோட்டா .38 ரிவால்வரைக் கொண்டு அவர் சுட்டார். அதில் மறுபடி தோட்டா நிரப்பிக்கொண்டிருக்கும்போது கையிலேயே குண்டு பட்டது. இரண்டாவது துப்பாக்கி தேவைப்படும் நேரம் இப்படித்தான் இருக்கும். முதல் துப்பாக்கி இருக்காது, அல்லது வலக்கை இருக்காது. ஒருவன் உங்கள் மேல் விழுந்து புரண்டுகொண்டிருக்கலாம்.

அந்த நேரத்தில் மினி ரிவால்வர் உங்களிடம் என்னவெல்லாம் கேட்கும் என்று பாருங்கள். யூட்டாவின் புரோவோ நகரிலுள்ள நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள்தான் இந்த வகையில் மிகவும் பெயர்பெற்றவை; .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான மிகச் சிறிய மாடல்கள் சுமார் 130 கிராம்தான் இருக்கும். துருப்பிடிக்காத எஃகில் செய்த நேர்த்தியான வேலைப்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது சிங்கிள் ஆக்‌ஷன் வகை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பிறகே விசையை அழுத்த முடியும். விசையைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. சட்டகத்துக்கு அடியில் மொட்டுபோல ஒரு நுனி மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். கைப்பிடியில் ஒன்றரை விரலுக்குத்தான் இடம். வழக்கமான மாடல்களில் தோட்டா நிரப்ப, நடு ஊசியை உருவி, தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் தனியே கழற்றி, சுட்ட தோட்டாக் கூடுகளை அந்த ஊசியாலேயே ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளவேண்டும். ஐந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இந்த வகையில் என்னிடமும் ஒன்று இருக்கிறது. வாங்கிய புதிதில் ஒரு குளிர்காலக் காலையில் ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு) எடுத்துச் சென்று, மூன்று மீட்டர் தள்ளி ஒரு காகிதத் தட்டை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். முதல் குண்டு தட்டில் விழுந்தது. அந்த அதிர்விலேயே துப்பாக்கி கைக்குள் மீனைப்போலப் புரண்டுவிட்டது. மறுபடி சரியாகப் பிடித்து, கட்டைவிரலால் சுத்தியைத் துழாவி இழுத்து, அடுத்ததைச் சுட்டேன். ஐந்தையும் முடிக்கப் பத்து வினாடிக்கு மேல் ஆனது. அடுத்து இடக்கையால் முயன்றபோது இரண்டு குண்டுகள் தட்டின் பக்கமே போகவில்லை. கடைசித் தோட்டாவைச் சுடவேண்டாம் என்று நினைத்து, விசையை அழுத்திக்கொண்டு சுத்தியை மெல்ல இறக்கினேன். குளிரில் மரத்திருந்த கட்டைவிரல் வழுக்கியது, துப்பாக்கி வெடித்தது. குழல் மணல்மேட்டை நோக்கியே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து கை நடுக்கம் அடங்கக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிழை என்னுடையதுதான். இருந்தாலும், பதற்றமே இல்லாத ஒரு காலையில் வழுக்கிய விரல், இருட்டில் ரத்தமோ வியர்வையோ பட்டிருக்கும்போது வழுக்காது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தோட்டாவைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த .22 குண்டுகளின் எடை பொதுவாக 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். உங்கள் 9 மி.மீ. துப்பாக்கியின் வழக்கமான குண்டு ஏறத்தாழ மூன்று மடங்கு. இதே விட்டத்தில் நீளமான .22 மேக்னம் தோட்டா வலுவானதுதான், ஆனால் அந்த வலு நீண்ட குழலில் கிடைப்பது; ஓர் அங்குலச் சொச்சக் குழலில் மருந்தின் ஒரு பகுதி வெளியே வந்து தீப்பிழம்பாகவும் சத்தமாகவுமே போய்விடுகிறது. இவை எல்லாமே ரிம்ஃபயர் தோட்டாக்கள். தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் பரவியிருக்கும், அது எல்லா இடத்திலும் சீராகப் படிந்திராவிட்டால் தோட்டா வெடிக்காமல் ஊமையாகிவிடும். தீப்பற்றும் மருந்து நடுவில் உள்ள தோட்டாவில் இது மிக அரிது.

உடையின் காரணமாகவோ வேலையின் காரணமாகவோ வேறெதையும் அணிய முடியாதவருக்கு, வெறுங்கைக்கு மாற்றாக இது உதவும். உங்கள் நிலை அதுவல்ல. இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்றே நீங்கள் முடிவு செய்தால், சுத்தி உள்ளே மறைந்திருக்கும் ஐந்து தோட்டா .38 ரிவால்வரைப் பாருங்கள். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 போன்றவை சுமார் 400 கிராம் இருக்கும். விசையை அழுத்தினால் போதும், வேறு எதையும் செய்யவேண்டியதில்லை, பைத்துணியில் சிக்குவதற்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டும் இருக்காது. அதுவும் கனம் என்றால் 2008இல் வந்த ரூகர் எல்.சி.பி. போன்ற .380 துப்பாக்கிகள் 300 கிராமுக்கும் குறைவு. எதை வாங்கினாலும் வலது பையில் வைக்காதீர்கள். வலது இடுப்பில்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே. வலக்கை செயலிழந்தால் இரண்டுமே எட்டாது. இடது பையில், அதற்கென்று செய்த உறைக்குள், சாவியோ சில்லறையோ கூட இல்லாமல் அது மட்டும் இருக்கட்டும். மினி ரிவால்வரையே வாங்கினால், உருளையில் இரண்டு தோட்டா அறைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சுத்தியை உட்காரவைத்த பிறகே பைக்குள் வைக்கவேண்டும். தோட்டாவின் மேல் சுத்தி படிந்த நிலையிலோ பாதி இழுத்த நிலையிலோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

இடையில் ஒன்று சொல்கிறேன். வசூல் பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கடையைப் பூட்டும் நேரத்தில் இன்னொருவர் உடன் இருக்க ஏற்பாடு செய்ய முடிந்தால், எந்த ரிவால்வரையும்விட அது உங்களுக்குப் பாதுகாப்பு.

கனமே தெரியாத துப்பாக்கியின் பெரிய ஆபத்து, அது இருப்பதே மறந்துவிடுவது. அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 2023இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. மறந்துபோய்க் கொண்டுவந்தேன் என்பதுதான் அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். உங்கள் வீட்டில் அந்த மறதி நாற்காலியில் கழற்றிப் போட்ட கால்சட்டையாக இருக்கும். ஆறு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு மினி ரிவால்வர் அதன் அளவாலேயே பொம்மை. விசைக்குக் காப்பு வளையமும் இல்லை. இடுப்பில் உள்ளதைக் கழற்ற நீங்கள் மறக்கமாட்டீர்கள், அது உறுத்தும். பையில் உள்ளது உறுத்தாது. உங்கள் மனைவி தயங்குவது இதனால்தான் என்றால் அவர் தயங்குவது சரி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதுமில்லாதவர் அனுமதிச் சீட்டு இன்றியே கைத்துப்பாக்கி அணியலாம்; ஆனால் வேறு மாநிலத்துக்குள் வண்டி நுழைந்தால் அங்குள்ள சட்டம்தான். நீங்கள் குடியுரிமை பெற்றவர். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எச்-1பி (வேலை விசா) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

வாங்குவதற்கு முன் ஒருநாள் மனைவியையும் ரேஞ்சுக்கு அழைத்துச் செல்லுங்கள். பல ரேஞ்சுகளில் துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கும். நண்பரின் மினி ரிவால்வரையும் ஒரு .38ஐயும் நீங்கள் இடக்கையால் மட்டும் ஐந்தைந்து முறை சுடுங்கள், மனைவி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வீட்டில், கதவைத் தாண்டியதும் கைக்கு எட்டும் உயரத்தில், மகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டக்கூடிய சிறு பெட்டகம் ஒன்றைச் சுவரில் பதித்துவிட்டு, அதன் பூட்டு எண்ணை மனைவிக்கும் சொல்லிவையுங்கள். அந்தப் பெட்டகம் வந்தபின் இரண்டாவது துப்பாக்கியைப் பற்றி இருவரும் பேசுங்கள்.

அன்புடன்